பித்தளைத் தகட்டில் எட்டாவது பேர்

கமலக்கண்ணியம்மன் மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. கூட்டிச் சொன்னது எதுவுமில்லை. குறைத்துச் சொன்னது இரண்டு இடத்தில் உண்டு. அதுவும் படுக்கப் போகும் முன் படிக்கிறவர்களின் நன்மைக்காக.

ஆடி மாதம், வியாழக்கிழமை, பகல் பதினோரு மணி. செஞ்சிக் கோட்டை ராஜகிரியின் உச்சி மேகத்துக்குள் போயிருந்தது. பேர் வெட்டுகிற பாவாடை, கமர் ஜஹான் டீச்சர் வீட்டு வாசலில் மொபெட்டை நிறுத்திவிட்டுச் சாவியை இடுப்பில் செருகினார். சாவியில் அவர் பேர் வெட்டியிருந்தது. மொபெட்டில் நான்கு இடத்தில் வெட்டியிருந்தது. பூட்டில், குடைக் கம்பியில், டிபன் கேரியரின் ஒவ்வோர் அடுக்கில், ஏன், அவருடைய பல்செட்டின் உட்பக்கத்தில்கூட இருப்பதாகச் சொல்வார்கள். அதை யாரும் பார்த்ததில்லை என்பதால் நானும் உறுதி சொல்ல மாட்டேன்.

அவர் தொழிலே அதுதான். பாத்திரக் கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஜனங்கள் வாங்கி வரும் குடத்திலும் தட்டிலும் கரகரவென்று மிஷினை ஓட்டிப் பேர் வெட்டித் தருவது. பேரில்லாத பாத்திரத்தைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும்.

ஒரே மகள், வளர்மதி. மனைவி சுமலதா போய்ச் சேர்ந்தபோது பெண்ணுக்கு மூன்று வயது. அன்றிலிருந்து இருபது வருஷமாக ஒவ்வொரு பாத்திரமாக வாங்கி, ‘பா. வளர்மதி’ என்று வெட்டிப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார். முதல் பாத்திரம் பால் டம்ளர். கடைசியாக வந்தது இட்லிக் குண்டான். ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை தொண்டூர் ராஜாங்கத்தின் மகன் அன்புமணி.

டீச்சர் ஊரைக் காலி செய்துகொண்டு பெங்களூரில் மகன் ஜீஷானோடு இருக்கப் போகிறார். பழைய பித்தளையெல்லாம் வந்து பார்க்கும்படி பாவாடைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்.

“வாப்பா பாவாடை. வளர்மதி எப்படி இருக்குது? கணக்குல முட்டை வாங்கும். ஆனா சிரிச்சிக்கினே வாங்கும்.”

“இப்பவும் அப்படித்தான் டீச்சரம்மா. செல்போன் கடையில கணக்கு பாக்குது. கடைக்காரர் நெலமைய நீங்களே நெனச்சிப் பாருங்க.”

டீச்சர் சிரித்துக்கொண்டே அவரைக் கடைசி அறைக்குக் கூட்டிப் போனார். நவாபு காலத்துச் சுண்ணாம்புச் சுவர். வெளியே ஆடிக் காற்று ஓட்டைப் பிய்த்துக்கொண்டிருக்க, உள்ளே காற்றே இல்லை. ஒரு வாடை மட்டும் இருந்தது. ஈரச் சுண்ணாம்பு, பழைய அத்தர், அதற்கும் அடியில், நிறையப் பேர் வெகு நேரமாக நின்றுகொண்டிருக்கும் இடத்தின் வியர்வை.

மூலையில் இருந்த அண்டாவுக்குள் பச்சைத் துணியில் சுற்றி ஒரு படம்.

பள்ளிக்கூடச் சிலேட்டு அளவுதான் இருக்கும். கோட்டை மலையை, பாறை பாறையாக, ஊசி முனையில் எழுதியது போல யாரோ வரைந்திருந்தார்கள். மலை மேல் தங்க மை பூசிய ஒரு சிறு மண்டபம். மண்டபத்துக்கு ஒரு வாசல். அந்த வாசலுக்குள் பூசியிருந்த கறுப்பு, மற்ற நிறங்களெல்லாம் மங்கிய பிறகும் நேற்றுப் பூசியது போல ஈரமாக மின்னியது. அடிவாரத்திலிருந்து வாசல் வரை படிக்கட்டு. படிக்கு ஒருவராக ஏழு பேர், முகத்தைப் பக்கவாட்டில் காட்டிக்கொண்டு, ஒற்றைக் கண்ணோடு, ரேஷன் கடையில் நிற்பதைப் போல வரிசையில் நின்றார்கள்.

மேலே இருந்த இருவர் தலைப்பாகையும் நீண்ட அங்கியும் அணிந்தவர்கள். அடுத்தவர் மராட்டியர். அவருக்குக் கீழே தொப்பி வைத்த இரண்டு வெள்ளைக்காரர்கள். ஆறாவது ஆள் நம் ஊர்க் குடியானவர். ஏழாவது ஆள் பேன்ட் போட்டு, கையில் வாட்ச் கட்டியிருந்தார். அந்தக் காலத்துப் படத்தில் வாட்ச் எப்படி வந்தது என்று பாவாடை கேட்கவில்லை. அவர் படத்தையா பார்த்தார்? புரட்டிப் பின்பக்கம் அடித்திருந்த பித்தளைத் தகட்டைப் பார்த்தார்.

தகட்டில் ஏழு பேர்கள் வெட்டியிருந்தன, ஒன்றின் கீழ் ஒன்றாக, ஏழு கையெழுத்தில், நாலைந்து பாஷை எழுத்தில்.

“யாருது டீச்சரம்மா இது?”

“யாருதும் இல்ல. கோட்டை கைமாறனப்பல்லாம் இதுவும் கை மாறியிருக்குது. எனக்குத் தூக்கிப் போட மனசு வரல. ஜீஷான் வீட்டுக்கு எடுத்துக்கினு போகவும் பயமா இருக்குது. நீ எடுத்துக்க. ஆனா ஒண்ணு, இத உன்னுதுன்னு மட்டும் சொல்லாத.”

“சொல்லவே மாட்டேன்” என்றார் பாவாடை. சொல்லவும் இல்லை.

சாயங்காலம் வீட்டில் அவர் மிஷினைப் பிளக்கில் செருகியபோது வளர்மதி கதவில் சாய்ந்து நின்று வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

“நைனா, அது படம். அண்டா இல்ல.”

“பின்னாடி பித்தளைதான.”

“கல்யாணத்தன்னிக்கி மாப்பிள்ளை நெத்தியிலயும் எம் பேர வெட்டி வுட்டுடு. தொலஞ்சி போவாது.”

“அவன் ஒத்துக்கினா வெட்டித் தரேன்.”

பழைய பாத்திரம் கைக்கு வந்தால் முன்னவர் பேருக்குக் கீழே நம் பேரை வெட்டுவது வழக்கம். அதைத்தான் செய்தார். ஏழாவது பேருக்குக் கீழே, ‘பா. வளர்மதி’. அழகாக வந்தது. மிஷினை நிறுத்தினார்.

நிறுத்திய பிறகும் ஒரு சத்தம் கேட்டது.

நிறையக் கால்கள் ஒரே நேரத்தில் ஒரு படி ஏறி நின்றது போல. பிறகு, யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

“பக்கத்து வீட்ல ஆளு வந்திருக்காங்க” என்றாள் வளர்மதி. பக்கத்து வீடு ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை பாவாடை பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கித் துடைத்தார். பால் டம்ளரில் பேர் இல்லை. தேய்ந்து போயிருக்கும் என்று கட்டை விரலால் தடவிப் பார்த்தார். தேய்ந்த எழுத்து விரலுக்குத் தெரியும். இது வழுவழுவென்று இருந்தது, கடையிலிருந்து அப்போதுதான் வந்தது போல. அடுத்த கிண்ணமும் அப்படியே. வாங்கிய வரிசையில், முதல் ஏழு வருஷத்துப் பாத்திரம் எதிலும் பேர் இல்லை. எட்டாம் வருஷத்துக் குடத்தில் ‘பா.’ மட்டும் இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே புள்ளியும் போயிற்று.

சனிக்கிழமை அச்சகத்திலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தது. மாப்பிள்ளை பேர் கொட்டை எழுத்தில் இருந்தது. மணமகள் பேர் இருக்க வேண்டிய இடம் வெற்றாக இருந்தது. பாவாடை அச்சகத்துக்குப் போய்ச் சண்டை போட்டார். அச்சகக்காரர் அவர் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து நீட்டினார். பாவாடையின் கையெழுத்துதான். நடுவில் ஒரு வரி எழுதவே இல்லை.

அன்றே பேருந்து நிலையத்தில் சம்பந்தி ராஜாங்கத்தைப் பார்த்தார்.

“இன்னா பாவாடை, தனியாவே காலத்த ஓட்டிட்ட” என்றார் ராஜாங்கம், அவர் தோளில் தட்டி. “உனக்கொரு பொண்ணு இருந்திருந்தா எம் பையனுக்குக் கேட்டிருப்பேன்யா. அவனுக்கு எங்க தேடியும் ஒண்ணும் அமையல.”

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அந்த ஆளுக்கு விளையாடத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. பாவாடை அன்றுதான் படத்தை முதல்முறையாகப் பார்க்க வேண்டிய விதத்தில் பார்த்தார்.

படிக்கட்டில் எட்டுப் பேர் நின்றார்கள்.

எல்லோரும் ஒரு படி ஏறியிருந்தார்கள். மேலே முதலாவதாக நின்றவரின் ஒரு கால் அந்தக் கறுப்புக்குள் போயிருந்தது. கீழே, கடைசிப் படியில், மஞ்சள் சுடிதார் போட்ட ஒரு பெண். துப்பட்டாவின் ஓரத்துப் பூ வேலைகூட ஊசி முனையில் வந்திருந்தது. பக்கவாட்டு முகம், ஒற்றைக் கண். கையில் நாலு வேர்க்கடலை.

பாவாடை மழையில் நனைந்தபடியே டீச்சர் வீட்டுக்கு ஓட்டினார். சாமான்களெல்லாம் கட்டி வைத்த கூடத்தில் டீச்சர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“டீச்சரம்மா, படத்துல வளர்மதி நிக்குது.”

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“யாரு வளர்மதி?”

பாவாடை நாற்காலிக்கு இன்னும் கிட்டே போனார். “எம் பொண்ணு. உங்ககிட்ட படிச்சிது. கணக்குல முட்டை வாங்கும்.”

“உனக்கு ஏதுப்பா பொண்ணு” என்றார் டீச்சர் மெதுவாக. சொல்லிவிட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். “அய்யோ. பேரு எழுதிட்டியா? உன்னுதுன்னு சொல்லாதன்னு சொன்னேனே.”

“நான் சொல்லலியே. எம் பொண்ணுதுன்னுதான வெட்டனேன்.”

மழைச் சத்தத்துக்கு நடுவே டீச்சர் சொன்னார்: முதல் இரண்டு பேரும் பாரசீக எழுத்தில். அடுத்தது மராட்டி. நாலாவது ஒரு பிரெஞ்சுக்காரன், ஐந்தாவது ஒரு இங்கிலீஷ் சர்வேக்காரன். ஆறாவது பெரியதம்பி என்று தமிழில் இருக்கிறது. படம் யார் யார் கையில் இருந்தது என்று எழுதிவைக்க ஆசைப்பட்டு, அவர் பத்து வருஷம் தேடியிருக்கிறார். கோட்டைக் கணக்கு, பாண்டிச்சேரிக் கல்லறை, சர்வே ஆபீஸ் ரிக்கார்டு, ஊர்ப் பட்டா எதிலும் அந்த ஆறு பேரில் ஒருவர்கூட இல்லை.

“பொறந்ததும் இல்ல, செத்ததும் இல்ல. அவங்க பேரு அந்தத் தகட்டுல மட்டும்தான் இருக்குது.”

“ஏழாவது?”

“நௌமான்.” டீச்சர் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். “காம்பஸ் முனையில கீறினது. கையெழுத்து என்னுது. யாரு நௌமான்னு எனக்குத் தெரியல.”

எழுந்து போய், கட்டி வைத்திருந்த ஒரு பெட்டியிலிருந்து கண்ணாடி போட்ட போட்டோ ஒன்றை எடுத்து வந்தார். கல்யாணப் போட்டோ. பதினெட்டு, இருபது வயதில், நகையும் பூவுமாக டீச்சர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு நாற்காலி. அதில் யாருமில்லை. நாற்காலியின் கைப்பிடியில் ஒரு மாலை தொங்கியது.

“ஊருல என்னை விதவைன்னு சொல்றாங்க. யாரோட விதவைன்னு கேட்டா ஒருத்தருக்கும் சொல்லத் தெரியல. ஜீஷானுக்கு இன்ஷியல் இருக்குது. அது யாரு பேருன்னு அவன் கேக்கறான்.”

பாவாடை போட்டோவை வாங்கிப் பெட்டிக்குள் திருப்பி வைத்தார்.

“தேச்சி அழிச்சிட்டா?” என்றார் டீச்சர்.

“பாத்திரத்துல இல்ல, பத்திரிகையில இல்ல, உங்க நெனப்புல இல்ல. அவ பேரு இப்ப அந்தத் தகட்டுலதான் இருக்குது. அதையும் அழிச்சா எங்கயுமே இருக்க மாட்டாளே.”

அவர் வீடு திரும்பியபோது மணி மூன்று. வானம் ராத்திரி மாதிரி இருண்டிருந்தது. தெரு முழுக்கக் கரண்ட் இல்லை.

கதவைத் திறந்ததும் அந்த வாடை. ஈரச் சுண்ணாம்பு, அத்தர், வியர்வை.

அடுப்படியில் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெண். தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். பாவாடை வாசலில் நின்று, தலையிலிருந்து வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு, அவளைப் பார்த்தார்.

எந்த வீட்டுப் பெண் இது?

ஏன் நம் வீட்டு அடுப்படியில் நிற்கிறது?

“நைனா” என்றாள் அவள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. “பால்காரம்மா என்னப் பாத்து, யாருமா நீ, பாவாடையண்ணன் ஊர்ல இல்லியான்னு கேக்கறாங்க. நீ ஏன் நைனா அப்படிப் பாக்கற?”

நைனா என்ற சொல் அவரைப் பிடித்து உலுக்கியது. மகள். பேர் என்ன? தொண்டை வரை வந்தது, வாய்க்கு வரவில்லை. ஓடிப் போய்ப் படத்தைக் கவிழ்த்துத் தகட்டைப் பார்த்து, எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் சொல்ல முடிந்தது.

“வளர்மதி. நீ வளர்மதி. அப்படியே நில்லு. எங்கயும் போவாத.”

“எங்க போவப் போறேன்? காலெல்லாம் வலிக்குது நைனா. ரொம்ப நேரமா நின்னுக்கினு இருக்கற மாதிரி.”

பாத்திரத் தொழிலில் இன்னொரு வழக்கம் உண்டு. அது நவாபுக்கும் தெரியாது, வெள்ளைக்காரனுக்கும் தெரியாது. ஒரு பாத்திரத்தில் ஒரு பேர் வெட்டியாயிற்று, பிறகு அது வேறொருவருக்குப் போகிறது, முன்னவர் இனி அதற்கு உரிமை கேட்கக் கூடாது என்றால், பழைய பேரைத் தேய்ப்பதில்லை. பேர் மறையாதபடி அதன் மேல் ஒரே ஒரு கோடு இழுத்து, கீழே புதுப் பேரை வெட்டுவார்கள். கோடு விழுந்த பேர் படிக்கக் கிடைக்கும்; ஆனால் அந்தப் பாத்திரத்தின் மேல் அதற்கு ஒரு பாத்தியதையும் கிடையாது. பாத்திரத்துக்கும் அந்தப் பேர் மேல் இல்லை.

தகட்டில் ஏழு பேரும் ஒருவர் கீழ் ஒருவராகச் சேர்ந்துகொண்டே போயிருந்தார்களே தவிர, யாரும் யாரையும் கோடு இழுத்து விடுவிக்கவில்லை.

மிஷினுக்குக் கரண்ட் இல்லை. பாவாடை பெட்டியின் அடியைத் துழாவி, தொழில் பழகிய காலத்துச் சிற்றுளியையும் சுத்தியலையும் எடுத்தார். ஜன்னலடியில் தகட்டை வைத்து உட்கார்ந்தார்.

முதல் அடி. வ-வின் மேல் கோடு விழுந்தது.

அறைக்குள் மூச்சு விடும் சத்தம் கேட்டது. ஒருவருடையது அல்ல.

இரண்டாவது அடி. மூன்றாவது. உளி வழுக்கியது. பித்தளை பித்தளையாக இல்லை, குளிர்ந்த தோல் மாதிரி அமுங்கியது. அவர் காதுக்குப் பின்னால் யாரோ, புரியாத பாஷையில், ரொம்ப மரியாதையாக, ஏதோ கேட்டார்கள். இன்னொருவர் இருமினார். கோடு கடைசி எழுத்தைத் தாண்டும்போது அடுப்படியில் தட்டு விழுந்தது.

திரும்பிப் பார்த்தால் இவள் யாரென்று கேட்டுவிடுவோம் என்ற பயத்தில் அவர் திரும்பவில்லை.

கீழே, தன் பேரை வெட்ட ஆரம்பித்தார். பா. ஊரில் ஆயிரம் முறை வெட்டிய எழுத்து. வா. கை தானாகப் போயிற்று. டை.

நிறையக் கால்கள் ஒரு படி இறங்கி நின்றன. பிறகு, ஒரு படி ஏறின.

மழை நின்றது. கரண்ட் வந்தது. அடுப்படியில் விளக்கு எரிய, வளர்மதி கீழே சிந்திய சோற்றை அள்ளிக்கொண்டு, தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள்.

“ஒரு ஆளுக்கு ரெண்டு தட்டு எதுக்குப் போட்டேன் நானு.”

ஆவணியில் கல்யாணம் நன்றாக நடந்தது. ராஜாங்கம் வாயெல்லாம் பல்லாக நின்றார். பத்திரிகையில் பெண் பேர் கொட்டை எழுத்தில் இருந்தது. தாரை வார்த்துக் கொடுக்கப் பெண்ணுக்குத் தகப்பன் இல்லாததால், பெங்களூரிலிருந்து வந்திருந்த கமர் ஜஹான் டீச்சர் பக்கத்தில் நின்றார். கணக்கில் முட்டை வாங்கியவள் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிச் சிரித்தார். சீர் வரிசைப் பாத்திரம் எல்லாவற்றிலும், பால் டம்ளர் முதல் இட்லிக் குண்டான் வரை, ‘பா. வளர்மதி’. இருபது வருஷமாக யார் இதையெல்லாம் சேர்த்து வைத்தார்கள் என்று தொண்டூர்ப் பெண்கள் கேட்டார்கள். எங்கம்மா வெச்சிருப்பாங்க என்றாள் வளர்மதி.

அந்தப் படம் இப்போது தொண்டூரில், அவள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. படிக்கட்டில் எட்டுப் பேர் இருக்கிறார்கள். மேலே முதலாவதாக நிற்பவருக்கு முதுகு மட்டும்தான் வெளியே தெரிகிறது. மற்றவர்கள் பக்கவாட்டில் முகம் காட்டி நிற்க, கீழ்ப் படியில் நிற்கும் எட்டாவது ஆள் மட்டும், கையில் ஓர் உளியோடு, முழு முகத்தையும் திருப்பி, இரண்டு கண்ணாலும் கூடத்தைப் பார்க்கிறார். வளர்மதி எந்தப் பக்கம் நடந்தாலும் அந்தக் கண்கள் கூடவே போகின்றன என்று அன்புமணி சொல்கிறான். அவளுக்கு அது பயமாக இல்லையாம். வீட்டில் யாரோ இருப்பது போல இருக்கிறதாம்.

தகட்டின் அடியில் இன்னும் ஒரு பேருக்கு இடம் இருக்கிறது.

செஞ்சியில் உள்ள பாத்திரக் கடை அத்தனையிலும் விசாரித்தாயிற்று. பேர் வெட்டுகிற பாவாடை என்று ஒருவர் அந்த ஊரில் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.